அத்தையின் கட்டில் பக்கம் வந்த போன்

பாளையங்கோட்டை வீட்டுக்கு டெலிபோன் வந்தபோது மாமா அதை முன் அறை ஜன்னலுக்குக் கீழே ஒரு மர ஸ்டூலில் வைத்தார். இருபது வருடத்துக்கு மேல் அது அங்கேதான் இருந்தது. அத்தை பின்னிய வெள்ளை நூல் விரிப்பு அதை மூடியிருக்கும்.

அத்தைக்கு முட்டி தேய ஆரம்பித்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. நாகர்கோவிலில் இருக்கும் அவருடைய அக்கா தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுவார். ஆறு தடவை மணி அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் தூங்கியிருப்பாள் என்று வைத்துவிடுவார். அத்தை கட்டிலை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து முன் அறைக்கு வருவதற்குள் சத்தம் நின்றிருக்கும். “அக்கா போனுதான். நான் போறதுக்குள்ள கட் ஆயிட்டு” என்று ஸ்டூல் பக்கத்திலேயே நிற்பார். ஒரு நாள் அந்த அவசரத்தில் மிதியடி வழுக்கி விழுந்தார். நல்ல வேளையாக எலும்பில் அடி இல்லை. போனை அவர் அறைக்குக் கொண்டுபோவது என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

கார்ட்லெஸ் வாங்கினால் வயரே வேண்டாமே என்றார் இவர். எனக்கு அதில் சம்மதம் இல்லை. கார்ட்லெஸ்ஸின் அடிப்பெட்டிக்கு வீட்டு கரண்ட் வேண்டும், கரண்ட் போனால் அதுவும் போச்சு. வயர் போனுக்கு எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரியிலிருந்து அதே இரண்டு வயர் வழியாகவே 48 வோல்ட் வருகிறது. ஊரே இருட்டாக இருந்தாலும் அது அடிக்கும். ராத்திரி தனியாகப் படுத்திருக்கிற ஒரு வயதான மனுஷிக்கு அதுதான் முக்கியம். செல்போன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம், அவர் விரலுக்குத் திரை அசையவே இல்லை.

ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். வராண்டாவில், தெரு வயரும் வீட்டு வயரும் சேருகிற ரோசெட் பெட்டியிலிருந்து, இரண்டு கம்பி பக்கம் பக்கமாக ஓடும் ஒட்டு வயர் ஒன்றை எடுத்து, டியூப்லைட்டுக்குப் போகிற அதே பிளாஸ்டிக் கேசிங் பட்டைக்குள் திணித்து, நடுவில் இரண்டு இடத்தில் முறுக்கி டேப் சுற்றி, அரை மணி நேரத்தில் அத்தை அறையில் போனை வைத்துவிட்டுப் போனார். எட்டு மணிக்கு அது அடித்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பேச்சுக்குப் பின்னால் ‘கொர்ர்’ என்று ஓர் இரைச்சல். அப்புறம் அத்தை போனை எடுக்கும்போதெல்லாம் நெட் அறுந்தது. அப்போது எங்களுக்கு டெலிபோன் வயரில் வரும் பிராட்பேண்ட்தான். ஐப்பசி மழை பிடித்ததும் குரலே கேட்கவில்லை.

என் அப்பா கோவில்பட்டியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஈயப்பற்று வாசனையில் வளர்ந்தவள் நான். அவருடைய முள் மீட்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்தேன்.

ரோசெட் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு பிடி செத்த எறும்பு, பல்லி முட்டை ஓடு, இரண்டு திருகாணி. திருகாணியைச் சுற்றி இருந்த செம்புக் கம்பியில் கோயில் பாத்திரத்தில் பிடிப்பதுபோலப் பச்சைக் களிம்பு. மீட்டரை வைத்தேன், 48-ஐ ஒட்டி நின்றது. அத்தையை போனை எடுக்கச் சொன்னேன். முள் சரிந்து 8 பக்கம் வந்து நின்றது. வெளியிலிருந்து வருகிற லைன் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு வெளியே இல்லை, வீட்டுக்குள்தான். அந்த முதல் பெட்டி வரைக்கும் வருகிற வயர் எக்ஸ்சேஞ்சுக்காரர்களுடையது. அதில் நான் கை வைக்கவில்லை. அதற்கு இந்தப் பக்கம் இருப்பது நம்முடையது.

கம்பியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது யாரோ போனில் கூப்பிட, முழங்கை வரை சுரீரென்று ஏறியது. சும்மா இருக்கும்போது தொட்டால் ஒன்றும் தெரியாத லைன்தான். மணி அடிக்கும்போது மட்டும் 75 வோல்ட்டை ஒட்டிய ஏசி வருகிறது. அதன் பிறகு வெளி வயரைத் திருகாணியிலிருந்து கழற்றி, இரண்டு நுனிக்கும் தனித்தனியாக டேப் சுற்றித் தள்ளி வைத்துவிட்டே வேலை பார்த்தேன். நுனிகள் ஒன்றோடொன்று தொடக் கூடாது. தொட்டால் போனை எடுத்துவிட்டதாக எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும், கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம் போகும்.

பழைய ஒட்டு வயரை முழுக்க உருவினேன். டேப் சுற்றிய இரண்டு இடத்திலும் கம்பி கறுத்து, தொட்டதும் ஒடிந்தது. மழை ஈரத்தில் குரல் செத்தது அங்கேதான். ‘கொர்ர்’ சத்தம் கரண்ட் வயரோடு ஒட்டி ஓடியதால் வந்தது. டெலிபோனுக்கென்று விற்கிற வயரில் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகும். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறுவதால், காதுக்கு வரும்போது கழிந்துவிடும். ஒட்டு வயரில் அந்த முறுக்கு இல்லை.

பஜாரில் போய் 0.5 மில்லிமீட்டர் செம்புக் கம்பி வயர் 15 மீட்டர் வாங்கினேன். வராண்டாவிலிருந்து அத்தை கட்டில் வரை ஒரே நீளமாக, நடுவில் ஓர் இணைப்புகூட இல்லாமல், கூரை ஓரமாகத் தனி கேசிங்கில் கொண்டுபோனேன். கரண்ட் வயரைத் தாண்ட வேண்டிய ஒரே இடத்தில் பக்கவாட்டில் ஓடவிடாமல் நேர் குறுக்காகக் கடத்தினேன். சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி சாய்த்துப் போட்டேன். வயர் நுழைவதற்கு முன்னால் கீழே ஒரு தொங்கல் விட்டேன். மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் இறங்கிச் சொட்டிவிடும், உள்ளே வராது. இணைத்தே ஆக வேண்டும் என்றால் லைன்மேன்கள் வைத்திருக்கும் ஜெல் நிரப்பிய சின்ன மூடி நல்லது. வயரைச் சீவாமல் நுழைத்து பிளையரால் அமுக்கினால் போதும், ஈரம் ஏறாது.

நெட் அறுந்ததற்குக் காரணம் ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டியை விட்டுவிட்டு வயர் இழுத்ததுதான். குரல் போவது 3,400 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பிராட்பேண்ட் போவது அதற்கு எவ்வளவோ மேலே, இரண்டும் அதே கம்பியில். ஸ்ப்ளிட்டர்தான் பிரித்துக் கொடுக்கிறது. அத்தை அறை வயரை ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே கிளை பிரித்திருந்தார்கள். அதனால் அந்த போன் வடிகட்டப்படாத லைனில் உட்கார்ந்திருந்தது. ஸ்ப்ளிட்டரை வராண்டா பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டி, மோடத்துக்கு ஒரு வயர், போன் துளையிலிருந்து முன் அறைக்கும் அத்தை அறைக்கும் ஒரு வயர் என்று பிரித்தேன். எத்தனை போன் இருந்தாலும் அந்த ஒரு ஸ்ப்ளிட்டர் போதும். ஆனால் மணி அடிப்பதற்கான சக்தியை எல்லா போனும் பங்கு போட்டுக்கொள்ளும். பழைய மணி போனாக இருந்தால் மூன்றுக்கு மேல் மாட்ட வேண்டாம்.

புது ரோசெட்டை எங்கே அடிப்பது என்று அத்தையையே கட்டிலில் படுத்துக் கை நீட்டிக் காட்டச் சொன்னேன். நான் பென்சிலால் குறித்து வைத்திருந்த இடத்தைவிட ஒரு சாண் தலைப்பக்கம் தள்ளிக் காட்டினார். அங்கேயே அடித்தேன். தரையை ஒட்டி வைக்கவில்லை, துடைக்கிற தண்ணீரும் எறும்பும் முதலில் போவது அங்கேதான்.

போன வருஷம் ஃபைபருக்கு மாறினோம். அதன் பெட்டி மாடியில் இருக்கிறது, போன் துளையும் அதில்தான். அத்தை போன் என்னாகுமோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். போட்ட வயர் வீணாகவில்லை. வராண்டா ரோசெட்டில் தெரு வயரையும் ஸ்ப்ளிட்டரையும் கழற்றிவிட்டு, மாடியிலிருந்து ஒரு வயரை இறக்கி, வீட்டு வயரோடு அங்கே சேர்த்தேன். தெரு வயரைக் கழற்றாமல் இதைச் செய்யக் கூடாது. எக்ஸ்சேஞ்ச் கரண்டும் புதுப் பெட்டியின் கரண்டும் ஒரே கம்பியில் மோதும், பெட்டி கெட்டுப்போகும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் கரண்ட் வராது. கரண்ட் போனால் போனும் போகும் என்பதால், மாடிப் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தேன்.

நேற்று ராத்திரி ஏழரைக்குக் கரண்ட் போனது. எட்டு மணிக்கு போன் அடித்தது. அத்தை இரண்டாவது மணியிலேயே எடுத்து, “அக்கா, இங்க கரண்டு இல்ல, அங்க மழையா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.