பெயர் கேட்காமல் ஏசி சர்வே எடுப்பது எப்படி

குளிர் தாங்காமல் சால்வை போர்த்தி வேலை பார்ப்பவர்கூட, சர்வே வந்தால் 'திருப்தி' என்று அழுத்திவிடுவார். பதில் யாருடையது என்று மேலே தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். அலுவலகக் கட்டடங்களில் சர்வே எடுக்கும்போது எங்கள் உழைப்பில் பாதி இந்தப் பயத்தைப் போக்குவதற்கே போகிறது.

கூகுள் படிவத்தில் மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்தால் மட்டும் போதாது. 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற அமைப்பும் லாகின் கேட்கும். முகவரி பதிவாகாவிட்டாலும், தன் கணக்கு திரையில் தெரிந்ததும் ஆள் மூடிவிட்டுப் போய்விடுவார். அதையும் அணைத்துவிடுங்கள். ஒருவரே இருமுறை நிரப்பும் வாய்ப்பு உண்டுதான். பெயர் தெரிந்த பொய்யான பதிலைவிட அது மேல். ஆளுக்கொரு லிங்க் வேண்டாம். லிஃப்ட் அருகிலும் கேன்டீனிலும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே க்யூஆர் கோடு ஒட்டுங்கள்.

பெரிய சிக்கல் இருக்கை. ஏசியைச் சரிசெய்ய இடம் தெரிய வேண்டும். இருக்கை எண்ணைக் கேட்டாலோ ஆளே தெரிந்துவிடும். அதனால் ஒரே தெர்மோஸ்டாட்டுக்கு (ஏசியின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி) கீழ் வரும் இருக்கைகளை ஒரு பகுதியாக்கி, வரைபடத்தில் நிறம் தீட்டி, நிறத்தை மட்டும் கேட்கிறோம். பத்துப் பேருக்குக் குறைந்தால் பக்கத்துப் பகுதியோடு சேர்த்துவிடுவோம். வயது, துறை கேட்பதில்லை. 'கிழக்கு ஜன்னலோரம், பெண், 50 வயதுக்கு மேல்' என்றால் அங்கே ஒருவர்தான் இருப்பார். பதில் வந்த நேரம் பதியும் நெடுவரிசையையும் அழித்த பிறகே அட்டவணையைப் பகிர வேண்டும். எந்த வேளையில் குளிர்கிறது என்பதைத் தனிக் கேள்வியாக வையுங்கள்.

கட்டடத்துக்குள் வெப்பநிலை வசதியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கான ஆஷ்ரே 55 தரநிலை, எவ்வளவு குளிர்கிறது, சுடுகிறது என்று சொல்ல −3 (கடுங்குளிர்) முதல் +3 (கடும் வெப்பம்) வரை ஏழு படிகள் வைத்திருக்கிறது. 45 பேருக்கு மேல் கேட்டால் 35 சதவீதத்துக்கு மேல் பதில் வர வேண்டும். 20 முதல் 45 பேர் என்றால் குறைந்தது 15 பதில். அதற்கும் கீழே 80 சதவீதம். யார் நிரப்பவில்லை என்று தெரியாததால் நினைவூட்டலை எல்லோருக்கும்தான் அனுப்ப முடியும். 'நிரப்பியவர்கள் மன்னிக்கவும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

துப்புரவு, காவல் ஊழியர்களுக்குத் தமிழில் காகிதப் படிவம், டிக் மட்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பூட்டிய பெட்டி சூப்பர்வைசர் மேசையில் இருக்கக் கூடாது.

எழுத்துக் கருத்துகளை அப்படியே மேலாளருக்கு அனுப்பாதீர்கள், நடையே ஆளைக் காட்டும். சாரத்தை மட்டும் பகுதிவாரியாகக் கொடுங்கள். சரிசெய்ததை ('பச்சைப் பகுதியில் டிஃப்யூசர் திருப்பப்பட்டது'; டிஃப்யூசர் என்பது ஏசி காற்று வெளிவரும் வாய்) இரண்டு வாரத்துக்குள் அதே க்யூஆர் இடங்களில் ஒட்டினால் அடுத்த சர்வேக்குக் கெஞ்ச வேண்டியிருக்காது.