மூவாயிரம் கட்டுரைகளில் இரண்டே இரண்டு

கெவின் பேல்ஸ் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் சமூகவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்கர். ஒரு பொது நிகழ்ச்சியில் கைக்கு வந்த துண்டறிக்கையில் உலகத்தில் இன்றைக்கும் லட்சக்கணக்கான அடிமைகள் இருக்கிறார்கள் என்று படித்ததும், அவர் முதலில் நம்பவே இல்லை. மனித உரிமை பற்றிப் பாடம் எடுக்கிற எனக்கே தெரியாமல் இது எப்படி உண்மையாக இருக்கும் என்றுதான் தோன்றியதாம். நேராக நூலகத்துக்குப் போய்த் தேடினார். அடிமைமுறை பற்றி மூவாயிரம் கட்டுரைகள் கிடைத்தன, அவற்றில் இன்றைய காலத்தைப் பேசியவை இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் பழைய வரலாறு.

அப்புறம் அவரே கிளம்பிவிட்டார். தாய்லாந்து, மொரிட்டானியா, பிரேசிலின் கரி சுடும் முகாம்கள், பாகிஸ்தானின் செங்கல் சூளைகள், இந்தியா என்று அலைந்து, 1999-இல் புத்தகமாக எழுதினார். உலகில் 2.7 கோடிப் பேர் அடிமைகளாக இருக்கிறார்கள் என்பது அன்றைய அவருடைய மதிப்பீடு. அடுத்த ஆண்டே, மீட்பு வேலைக்காக ஓர் அமைப்பையும் சிலரோடு சேர்ந்து தொடங்கினார்.

அவர் சொன்னதில் என்னை இன்னும் உறுத்துவது விலைக் கணக்குதான். வரலாறு நெடுக ஓர் அடிமையின் விலை, இன்றைய மதிப்பில், சராசரியாக 40,000 டாலர். 2010-இல் அவர் சொன்னபடி, சுமார் 90 டாலர். அவ்வளவு மலிவாகிவிட்டதால் நோயில் விழுந்தவருக்கு மருந்து வாங்குவதைவிட அவரைத் துரத்திவிட்டு வேறொருவரைப் பிடிப்பது முதலாளிக்கு லாபம். விற்பனைப் பத்திரம்கூட வேண்டாம், கடன் போதும். சூளையில் ஒரு குடும்பம் முன்பணம் வாங்குகிறது, கல் எண்ணிக்கைக்குத்தான் கூலி, கணக்கு நோட்டு முதலாளியிடம், மழையில் இன்னும் சுடாத பச்சைக்கல் கரைந்தால் அந்த நஷ்டமும் இவர்கள் தலையில், பிள்ளைகளும் மண் பிசைகிறார்கள், அப்படியும் கடன் மட்டும் குறைவதில்லை. நாம் கொத்தடிமை என்று சொல்வது இதைத்தான். 1976-லேயே இந்தியாவில் சட்டம் போட்டு ஒழித்தாயிற்று!

பின்னாளில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அவர் இருந்த குழு சூளைகளைச் செயற்கைக்கோள் படங்களில் தேடியது. நீள்வட்டமாக இருப்பதால் மேலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். 2018-இல் வெளியான அந்த ஆய்வு, பாகிஸ்தானிலிருந்து வட இந்தியா, நேபாளம், வங்கதேசம் வரையான பகுதியில் 55,387 சூளைகள் இருப்பதாக மதிப்பிட்டது. எத்தனை சூளை என்றே தெரியாமல் அதிகாரிகள் எங்கே போய்ச் சோதனை போடுவார்கள்? அதனால் இதை நான் பெரிய வேலையாக மதிக்கிறேன்.

ஆனால் எந்தச் சூளையில் முன்பணக் கணக்கு ஓடுகிறது என்பது படத்தில் விழாது. அதற்கு யாராவது அங்கேயே போய், அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும், 1990-களில் பேல்ஸ் போனதுபோல.