முழங்கால் போட்டதுக்கும் அவர் பேசினதுக்கும் நடுவுல

எங்க சபை பெண்கள் ஐக்கியத்துல வருஷத்துக்கு ஒரு மலர் போடுவாங்க. அதுக்கு ஒரு கதை எழுதித் தா மக்களே, குடும்பக் கதையா இருக்கட்டும், ஜெபத்தால பிரிஞ்ச குடும்பம் ஒண்ணு சேர்ற மாதிரி இருக்கட்டும்னு ஒரு பாட்டி என் கையப் பிடிச்சுச் சொன்னாங்க. நானும் சரின்னு உக்காந்து ரெண்டே நாள்ல எழுதி முடிச்சிட்டேன். மனைவி அழறா, வயசான அம்மா ஒருத்தங்க வந்து ஜெபம் பண்ணுன்னு சொல்றாங்க, அவ முழங்கால் போடறா, அடுத்த பாராவுல வீட்டுக்காரர் கதவைத் தட்டறார், கையில பிள்ளைங்களுக்கு பலகாரப் பொட்டலம், அப்புறம் எல்லாரும் சேர்ந்து குடும்ப ஜெபம், ஆமென்.

அத அம்மைகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அம்மை சாளை மீன் கழுவிட்டிருந்தாங்க, கைய நிறுத்தாமலே முழுசும் கேட்டாங்க. கேட்டு முடிச்சிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "இவ முழங்கால் போட்டதுக்கும் அவன் கதவைத் தட்டினதுக்கும் நடுவுல எத்தனை நாளு மக்களே?"

எனக்கு பதில் சொல்லத் தெரியல. ஏன்னா அந்த நடுவுல இருக்கிற நாள் எத்தனைன்னு எங்க வீட்டுல என்னை விட அம்மைக்குத்தான் தெரியும், அந்த நாள்ல பாதியாவது நானும் கூட இருந்து பார்த்தவ, பார்த்துட்டும் இப்படி ஒரு கதைய எழுதியிருக்கேனேன்னு மனசு கஷ்டமா இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே அத கிழிச்சுப் போட்டுட்டேன்.

அப்புறம் பைபிளை எடுத்து, இந்த நடுவுல இருக்கிற நாளுக்காக மட்டும் தேடித் தேடி வாசிச்சேன். ஆதியாகமம் 25-ல ஈசாக்கு தன் மனைவிக்காக வேண்டுதல் பண்ணினான், கர்த்தர் கேட்டார், ரெபெக்காள் கர்ப்பமானாள்னு ஒரே வசனத்துல வரும், நாம அத ஒரே மூச்சுல வாசிச்சிட்டுப் போயிடறோம். அதே அதிகாரத்துல கல்யாணம் ஆகும்போது ஈசாக்குக்கு 40 வயசுன்னு இருக்கு, பிள்ளைங்க பிறக்கும்போது 60-ன்னு இருக்கு. 20 வருஷம்! நம்ம கதைகள்ல எப்பவும் மனைவிதான் ஜெபம் பண்றா, இங்க புருஷன் மனைவிக்காகப் பண்றான், அதையும் நாம கவனிக்கறதில்ல. பிள்ளையில்லாத அன்னாளைப் பாருங்க, 1 சாமுவேல் முதல் அதிகாரம். அவ ஆலயத்துல அழுதுட்டு எழும்பிப் போறா, போய்ச் சாப்பிடறா, அதுக்கப்புறம் அவ துக்கமுகமா இல்லன்னு எழுதியிருக்கு. அப்போ பிள்ளை கிடைக்கல, கர்ப்பம் கூட ஆகல, மறுநாள் காலையில அதே வீட்டுக்கு, அவள சீண்டற சக்களத்தி பெனின்னாள் இருக்கிற வீட்டுக்குத்தான் திரும்பிப் போகணும், ஒண்ணுமே மாறல, அவ முகம் மட்டும் மாறியிருக்கு. நான் கதையில விட்டது இதைத்தான்.

சரி, எங்க வீட்டு விஷயம். அம்மைகிட்டயும் அப்பாகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதறேன்.

எங்க வீடு தமிழ்நாட்டுல களியக்காவிளை பக்கம், அம்மை பிறந்த வீடு கேரளாவுல பாறசாலை பக்கம், நடுவுல எல்லை. 1956 நவம்பர் 1-க்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தானே, பெண் கொடுக்கறதும் எடுக்கறதும் எல்லை வந்தப்புறமும் நிக்கல. அதனால அம்மை சபையில தமிழ்ல ஜெபிப்பாங்க, தனியா இருக்கும்போது மலையாளத்துல ஜெபிப்பாங்க, அது அவங்க மனசுக்குள்ள இருக்கிற பாஷை.

அப்பாவுக்கு 150 மூடு ரப்பர் மரம், அதுதான் வருமானம். 2011-ல ரப்பர் பால உறைய வெச்சு எடுக்கற ஷீட் கிலோ 200 ரூபாய்க்கு மேல போச்சு, அந்த தைரியத்துல கடன் வாங்கி பழைய வீட்டுப் பக்கத்துல புது வீடு கட்ட ஆரம்பிச்சார், ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல் வரைக்கும் வந்துது. அப்புறம் விலை இறங்க ஆரம்பிச்சுது பாருங்க, இறங்கி இறங்கி 2016 ஆரம்பத்துல 100 ரூபாய்க்கும் கீழ போயிடுச்சு. கச்சா எண்ணெய் விலை விழுந்தா செயற்கை ரப்பர் மலிவாயிடும், வெளிநாட்டு ரப்பரும் வந்து குவியும், இதெல்லாம் அப்பா பேப்பர்ல வாசிச்சு டீக்கடையில எல்லாருக்கும் விளக்கிச் சொல்வார், ஆனா வீட்டுக்குள்ள வந்து இவ்வளவு கடன் இருக்கு, வட்டி கட்ட முடியல, எனக்கு பயமா இருக்குன்னு அம்மைகிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. சாயங்காலம் குடிக்க ஆரம்பிச்சார். அம்மைக்கு கடன் விஷயம் வெளியாள் சொல்லித்தான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் நடந்ததுல அம்மை பேர்லயும் தப்பு இருந்துச்சு, அத அவங்களே எழுதச் சொன்னாங்க. மாமா மகனுக்கு ஞானஸ்நானம், பாறசாலையில சாப்பாடு, அம்மைக்க ஆளுங்க அத்தனை பேரும் இருக்காங்க. யாரோ வீட்டு வேலை எப்போ முடியும்னு கேட்டாங்க. அம்மை எல்லார் முன்னாலயும், "இவர நம்பி வந்தவளுக்கு கூரை ஒரு கேடா"ன்னு சொல்லிட்டாங்க. அப்பா இலையில பாதிச் சோறு இருக்க அப்படியே எழும்பினார், கை கழுவினார், நடந்தே வீட்டுக்கு வந்துட்டார்.

11 மாசம் ரெண்டு பேரும் பேசல. ஒரே திண்ணை, மூணு அடி தூரம், நடுவுல நான். அப்பாகிட்ட சொல்லு சோறு ஆயாச்சுன்னு. அம்மைகிட்ட சொல்லு எனக்கு வேண்டாம்னு. ரெண்டு பேருக்கும் காது கேக்கும், இருந்தாலும் நான் இந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை சொல்லணும், அந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை சொல்லணும். பிளஸ் ஒன் படிக்கிற எனக்கு பரீட்சை பயத்தை விட சாயங்காலம் பயம்தான் பெருசா இருந்துச்சு. புருஷன் பொண்டாட்டி சண்டையப் பத்தி கதை எழுதறவங்க பிள்ளைங்கள ஓரமா ஒரு கட்டில்ல தூங்க வெச்சிடறாங்க, பிள்ளைங்க தூங்கறதில்ல.

பாலுக்கு மரப்பட்டைய வெட்டற நாள்ல அப்பா காலையில 4 மணிக்கு எழும்பி நெத்தியில லைட்டக் கட்டிட்டு கத்தியும் எடுத்துட்டு ரப்பர் தோட்டத்துக்கு, நாங்க விளைன்னு சொல்வோம், அங்க போயிடுவார். அவர் படி இறங்கினதும் அம்மை அடுக்களை ஒட்டின சாய்ப்புக்குள்ள போவாங்க. அங்கதான் ஷீட் எல்லாம் கம்புல புகைக்குத் தொங்கும், அந்தப் புகை நாத்தத்துக்கு நடுவுல ஒரு சாக்கை மடிச்சுப் போட்டு முழங்கால்ல நிப்பாங்க. அறைவீட்டுக்குள்ள போய் கதவைப் பூட்டி ஜெபம் பண்ணுன்னு மத்தேயு 6-ல இயேசு சொன்னது, எங்க வீட்டுல அது அந்தச் சாய்ப்பு. நடுவுல பூசாத சுவர், நான் இந்தப் பக்கம் படுத்திருப்பேன், ஒவ்வொரு வார்த்தையும் கேக்கும்.

முதல் கொஞ்சம் மாசம் அது ஜெபமே இல்ல, புகார். இவர் இன்னைக்கு இத செஞ்சார், நேத்து அத செஞ்சார், இவர மாத்தும் ஆண்டவரே, மாத்தும், மாத்தும். நான் குறை சொல்லல, மனசு நொந்தவங்க வேற எங்க போய்க் கொட்டுவாங்க, பைபிள்ல சங்கீதப் புத்தகத்துல பாதி அப்படித்தானே இருக்கு. ஆனா ஒரு நாள் காலையில, கிறிஸ்மஸுக்கு முந்தின மாசம், நல்ல குளிர், ரொம்ப நேரம் சத்தமே இல்ல. தூங்கிட்டாங்களோன்னு நினைச்சேன். அப்புறம் மெல்ல, மலையாளத்துல, "எண்டெ கர்த்தாவே, ஞானும் தெற்று செய்து." நானும் தப்பு பண்ணிட்டேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அழுகை.

அன்னைக்கே எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் முதல்ல எழுதின கதையில வரும். எங்க வீட்டுல ஆகல. மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரத்துல நான் பார்த்தது என்னன்னா, அம்மை என்கிட்ட சொல்லி விடறத நிறுத்திட்டாங்க. சோறு ஆயாச்சுன்னு அவங்களே சொன்னாங்க, முகத்தைப் பார்த்து இல்ல, சுவரைப் பார்த்து. அப்பா பதில் சொல்லல. மறுநாளும் சொன்னாங்க. மீன் குழம்புல நடுத்துண்டு மறுபடி அப்பா தட்டுக்குப் போச்சு. அப்பா அத ஒதுக்கி வெச்சிட்டு எழும்பிப் போனார், எனக்கு அழுகை வந்துடுச்சு, அம்மை ஒண்ணும் பேசாம தட்டை எடுத்தாங்க. அடுத்த நாளும் நடுத்துண்டுதான். இப்போ யோசிச்சா அந்த மூணு வாரம்தான் அம்மை பண்ணின பெரிய ஜெபம்னு எனக்குத் தோணுது.

இங்க ஒண்ணு அழுத்திச் சொல்லணும், இல்லன்னா நான் எழுதறது ஆபத்தாப் போயிடும். எங்க அப்பா அம்மை மேல கை வெச்சதில்ல. கை வைக்கிற வீடு வேற. எங்க பக்கத்துல ஒரு அக்கா முகமெல்லாம் வீங்கி வந்து நின்னப்போ, போய் முழங்கால் போடு, பொறுமையா இரு, ஆண்டவர் மாத்துவார்னு பெரியவங்க சொல்லி அனுப்பினத நான் பார்த்திருக்கேன், அத நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. மனைவிகள் கீழ்ப்படியணும்னு 1 பேதுரு 3-ல முதல் வசனத்தை எடுத்துச் சொல்றவங்க அப்படியே ஏழாம் வசனம் வரைக்கும் வாசிக்கணும். மனைவியை கனம் பண்ணுங்க, இல்லன்னா உங்க ஜெபத்துக்கே தடை வரும்னு அங்க சொல்லியிருக்கிறது புருஷன்கிட்ட. அடிக்கிறவன் வீட்டுல முதல்ல வெளிய வரணும். அதுக்குத்தான் 2005-ல குடும்ப வன்முறைச் சட்டம் வந்துது, 181-ன்னு போன் பண்ணலாம், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே நம்பர்தான். பத்திரமான இடத்துல இருந்துட்டும் ஜெபம் பண்ணலாம், கர்த்தர் அங்கயும் கேப்பார். என் கதைய வாசிச்சிட்டு எந்தப் பொண்ணும் அடிக்குத் திரும்பிப் போகக் கூடாது, அத நினைச்சே ஒவ்வொரு வரியும் எழுதறேன்.

இப்போ புதுசா எழுதற கதையில ஆளுங்களுக்கு இன்னும் பேர் வைக்கல, என்ன பேர் வெச்சாலும் எங்க சபையில அந்தப் பேர்ல ஒரு குடும்பம் இருக்கும், மனசு சங்கடப்படுவாங்க. அவ அந்தப் பக்கத்துப் பொண்ணு, அவன் இந்தப் பக்கம். ரெண்டு பேரும் விவாகரத்துக்கு சம்மதிச்சு வக்கீல்கிட்ட போறாங்க. இதுக்காக சட்டத்தைக் கொஞ்சம் படிச்சேன். கிறிஸ்தவங்களுக்கு 1869-ல வந்த சட்டம்தான் இன்னும் இருக்கு, ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறதுக்கு அதுல வழி கிடைச்சது 2001-லதான், அதுவும் 2 வருஷம் பிரிஞ்சு வாழ்ந்திருக்கணும். கேரளா ஹைகோர்ட் 2010-ல அந்த ரெண்டை ஒண்ணுன்னு வாசிக்கணும்னு சொல்லிடுச்சு, 2022 டிசம்பர்ல அந்த ஒரு வருஷமும் கட்டாயமில்லன்னு சொல்லிடுச்சு. காத்திருக்க முடியாதபடி கஷ்டப்படறவங்களுக்கு அது நல்லதுதான், நான் மறுக்கல. ஆனா என் கதையில உள்ள ரெண்டு பேரும் இந்தப் பக்கத்துல மனு போடறவங்க, சட்டத்துல எழுதியிருக்கிற 2 வருஷத்தையே அவங்களுக்கு வெச்சிருக்கேன், எனக்கு அந்த 2 வருஷம்தான் கதை. அந்த நாள்ல அவ என்ன ஜெபிக்கிறா, முதல் மாசம் என்ன, பத்தாவது மாசம் என்ன, அவன் தனியா உலை வெச்சு சோறு குழைஞ்சு போனப்போ யாரை நினைச்சான், பிள்ளை சனிக்கிழமைதோறும் எல்லை தாண்டி பஸ்ல போகும்போது மடியில யார் கொடுத்து விட்ட பலாப்பழம். கடைசியில கதவு தட்டற சத்தம் வேணுமான்னு இன்னும் முடிவு பண்ணல.

அப்பா குடிய விட்டதும் ஒரே நாள்ல இல்ல. விட்டார், மறுபடி விழுந்தார், மறுபடி விட்டார். கடன் அடைய வருஷங்கள் ஆச்சு, அதுக்காக அடுத்தவங்க தோட்டத்துல கூலிக்கு வெட்டப் போனார். புது வீட்டுக்கு கான்கிரீட் வரல, தகரம்தான் போட்டோம். ராத்திரி 8 மணிக்கு குடும்ப ஜெபம் மறுபடி ஆரம்பிச்சப்போ அவர் உள்ள வரல, வெளிப்படியில உக்காந்து கேட்டார். அப்புறம் ஒரு நாள் கரண்ட் போச்சு, மெழுகுவத்திய எடுத்துட்டு உள்ள வந்தவர் அப்படியே உக்காந்துட்டார்.

ஆனா அந்த மூணு வாரம் முடிஞ்ச காலைய நான் இன்னும் சொல்லல. 4 மணிக்கு அப்பா விளைக்கு இறங்கினார். அம்மை சாய்ப்புக்குள்ள போகல. அடுக்களையில வெளிச்சம், கருப்பட்டி மணம் வந்துது. கடுங்காப்பி போட்டு தூக்குவாளியில ஊத்தி, டார்ச் கூட எடுக்காம இறங்கிப் போனாங்க. நான் எழும்பி திண்ணையில வந்து நின்னேன். எங்க திண்ணையில இருந்து பார்த்தா விளை முழுசும் இருட்டு, அப்பா நெத்தியில உள்ள லைட்டு மட்டும் ஒரு மூட்டுல இருந்து அடுத்த மூட்டுக்கு நகர்றது தெரியும், ஒரு மூட்டுக்கு அரை நிமிஷம் கூட நிக்காது, அவ்வளவு பழகின கை. அன்னைக்கு நடு விளையில அந்த லைட்டு நின்னுது. நகரல. அப்புறம் அணைஞ்சுது. விடியற வரைக்கும் எரியல. என்ன பேசினாங்கன்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்ல, கதையிலயும் அத எழுதப் போறதில்ல.

ஷீட் கணக்கு எழுதற நோட்டு இப்பவும் வீட்டுல இருக்கு, போன வாரம் எடுத்துப் பார்த்தேன். தேதி, எத்தனை ஷீட், குறைஞ்சா எதனாலன்னு அப்பா கையெழுத்துல வரிசையா இருக்கும். 11 ஷீட். 10 ஷீட். 3 ஷீட், மழை. வெட்டு இல்ல, காய்ச்சல். அந்தத் தேதிக்கு நேரா, 5 ஷீட், காப்பி.