எவனோ இருமுகிற சத்தத்தோடு புதுப் படம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் பக்கத்து சீட் தம்பி போனில் புதுப் படம் பார்த்துக்கொண்டு வந்தான், டெலிகிராமில் இறக்கியதாம். நடுவில் யாரோ எழுந்து போகிற தலை, கீழே சூதாட்ட ஆப் விளம்பரம், வசனத்தைவிட எவனோ இருமுகிற சத்தம்தான் தெளிவு. "எங்க எஸ்டேட் பக்கம் தியேட்டர் ஏதுண்ணா, போக வர பஸ் காசே ஆகுதே" என்றான், அதுவும் நியாயம்தான் (நானும் ஒரு காலத்தில் திருட்டு விசிடி வாங்கியவன்தான்). சரி, தியேட்டர் பிரிண்டில் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் (ரகசிய அடையாளக் குறி) இருக்கிறது, எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று அதை வைத்தே பிடிக்கலாம், 2023 சினிமாட்டோகிராஃப் சட்டத்திருத்தப்படி 3 மாதத்திலிருந்து 3 வருடம் வரை ஜெயில், அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகும் என்றேன். "பாக்கறவனுக்குமாண்ணா?" என்று போனைக் கவிழ்த்தான். தியேட்டரில் திருட்டுத்தனமாக எடுக்கிறவனுக்கு, நெட்டில் ஏற்றுகிறவனுக்கு என்றதும் குஞ்சப்பனை தாண்டுவதற்குள் மறுபடி ஆன் பண்ணிவிட்டான்.