கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில்

தொலைபேசிக் கோபுரங்களில் வேலை செய்கிறவன் நான். அன்ரெனாவுக்கு முன்னால் ஏற வேண்டியிருந்தால், முதலில் அழைத்து ஒலிபரப்பை நிறுத்தச் சொல்லுவேன். "நிறுத்தியாச்சு" என்ற பதில் வந்த பிறகுதான் கால் வைப்பேன். மாங்குளமோ ஒட்டுசுட்டானோ, இதில் மாற்றமில்லை. வீட்டில் மட்டும் அந்தக் கவனம் எனக்கு இருக்கவில்லை.

கிளிநொச்சி வளவில், அமெச்சூர் வானொலியில் கதைக்க, 7 மெகாஹேர்ட்ஸுக்கு டைபோல் கட்டினேன்; நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நீளும் கம்பி அன்ரெனா அது. சைக்கிள் டைனமோ சுற்றி வானொலி கேட்டு வளர்ந்தவனுக்கு, தானே அலை அனுப்புவது பெரிய ஆசை. கை ஒவ்வொன்றும் 10 மீற்றர். ஒரு நுனி வேம்பில், உயரத்தில். மற்றப் பக்கம் நின்றது ஷெல்லில் தலை போன பனை; உக்கிய மரத்தில் ஏற மனம் வரவில்லை. வேலிக் கதியாலில் நெஞ்சளவு உயரத்தில் கட்டிவிட்டேன். அதற்குப் பக்கத்தில்தான் அம்மாவின் கொடிக்கயிறு.

ஒரு பின்னேரம் 100 வாற்றில் கதைத்துக்கொண்டிருக்க, வெளியே அம்மா கத்தினா. ஈரச் சேலை விரித்த கை கம்பி நுனியில் பட்டிருந்தது.

"தம்பி, கம்பி கடிச்சுப்போட்டுது."

விரலில் அரிசிக் குறுணியளவு வெள்ளைப் புள்ளி. பார்க்கச் சின்னன், உள்ளே தசை வெந்திருந்தது. ஆற நாள் எடுத்தது.

டைபோலில் மின்னோட்டம் நடுவில் அதிகம், மின்னழுத்தம் நுனிகளில் அதிகம். 100 வாற்றிலேயே நுனியில் சில நூறு வோல்ற்று வரும். இது படித்த பாடம்தான். அடுத்த நாளே இரும்புக் குழாய் நட்டு, நைலோன் கயிற்றால் நுனியை 5 மீற்றருக்கு உயர்த்தினேன்.

ஊரில் எல்லோரும் தூரத்துக் கோபுரத்தைக் காட்டித்தான் பயப்படுகிறார்கள். வானொலி அலை எக்ஸ்றே போன்றதல்ல. அதனால் வருமென்று உறுதியாகத் தெரிந்த தீங்கு, உடம்பைச் சூடாக்குவது. இரத்த ஓட்டம் குறைந்த கண்ணுக்கு அந்தச் சூடு கூடாது. தூரம் இரட்டித்தால் அலையின் செறிவு காற்பங்காகும். அதனால் நான் முதலில் அளப்பது கிட்ட உள்ள கம்பியைத்தான்.

போன மாதம் புதுக்குடியிருப்பில் ஒரு பெடியன் யாகி அன்ரெனா பூட்டக் கூப்பிட்டான். 145 மெகாஹேர்ட்ஸ், 50 வாற். ஒரே திசையில் குவிவதால் அந்தப் பக்கம் 500 வாற்றுக்குச் சமம். பொதுமக்களுக்கான சர்வதேச எல்லை, 30 நிமிடச் சராசரியில், சதுர மீற்றருக்கு 2 வாற். விடாமல் கதைத்தால், தரையில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்து 7 மீற்றருக்கு மேல் விலக வேண்டும். அவன் நினைத்த இடத்துக்கு நேரே, 4 மீற்றரில், அயல்வீட்டு மேல்மாடி யன்னல். உயரமான குழாய் வாங்க 2 கிழமை ஆகுமென்றான். அதுவரை 5 வாற்றில் கதைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.