பாரி ஊர்க் கல்தச்சர்கள்

அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தில் பாரி என்று ஒரு சின்ன நகரம். பிழைப்பே கிரானைட்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலி, ஸ்காட்லாந்திலிருந்து கல்தச்சர்கள் வந்து குவிந்தார்கள். 1900இல் இத்தாலியர்கள் தங்கள் கையாலேயே ஒரு தொழிலாளர் அரங்கம் கட்டினார்கள். 1903இல் அங்கேயே, அரசே வேண்டாம் என்ற அனார்க்கிஸ்டுகளுக்கும் சோஷலிஸ்டுகளுக்கும் தகராறு. எலியா கோர்ட்டி என்ற சிற்பி குண்டடிபட்டு இறந்தார். ஊரின் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் ஆளுயரச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார்: மோவாயில் கை, முறுக்கு மீசை, பக்கத்தில் தொழிற்கருவிகள். கோட்டு மடிப்புகூடக் கல் என்றால் நம்ப முடியாது!

துப்பாக்கியை விடு, தூசிதான் நிறையப் பேரைக் கொண்டுபோனது. கல் செதுக்கும் கொட்டகைக்குள் காற்றழுத்த உளி வந்தபின் கல்தூள் நுரையீரலில் இறங்கி, சிலிகோசிஸ், காசநோய் என்று நடுவயதிலேயே போய்ச் சேர்ந்தார்கள். தூசி உறிஞ்சும் கருவிகள் பரவலாக வந்தது 1930களின் கடைசியில்தான். அதற்கும் தொழிற்சங்கம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.