ரீச்சர் வாசித்த லாஸி

எங்கள் ஆங்கில ரீச்சர் காலமானதும் அவரைப் பற்றி நினைவு மலருக்கு எழுதும்படி கேட்டார்கள். சிவப்பு மைத் திருத்தங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தில் அவர் வாசித்த நாய்க் கதை.

எரிக் நைட் எழுதி 1940இல் வெளிவந்த 'லாஸி கம் ஹோம்'. இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் மூடப்படுகிறது. வேலை இழந்த தகப்பன் மகன் ஜோவின் நாயைப் பிரபு ஒருவருக்கு விற்றுவிடுகிறார். பள்ளி விடும் நேரம் வாசலில் வந்து நிற்கும் லாஸி, விற்ற பிறகும் தப்பி அங்கேயே வருகிறது. ஒவ்வொரு முறையும் தகப்பன் அதைத் திருப்பிக் கொடுக்கிறார். எங்களுக்கு அவர் மீது கோபம். "வீட்டில் அடுப்பு எரியவில்லை, வாங்கின காசுக்கு மனுசன் உண்மையாய் இருக்கிறார். அதையும் பாருங்கோ பிள்ளைகள்" என்பார் ரீச்சர்.

பிறகு லாஸி ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோகப்படுகிறது. அங்கிருந்து தப்பித் தெற்கே நடக்கிறது. குறுக்கே நீண்ட ஏரிகள். நீந்த முடியாது, சுற்றித்தான் போகவேண்டும். நாங்கள் அடுத்த பக்கத்துக்கு அவசரப்படுவோம். ரீச்சர் அவசரப்படவே மாட்டார்.

அவர் மிக மெதுவாக வாசித்தது வயோதிபத் தம்பதியின் பகுதியை. சாகக் கிடந்த லாஸியை எடுத்துக் காப்பாற்றியவர்கள் அவர்கள். அந்த மூதாட்டிக்கு நாயின் மேல் உயிர். ஆனால் பள்ளி விடும் நாலு மணி நெருங்கினால் அது அந்தரப்படுவதை அவர் கவனிக்கிறார். அதற்குப் போக ஓர் இடம் இருக்கிறது என்று விளங்குகிறது. கடைசியில் அவரே போக விடுகிறார். கதையில் எல்லோரிலும் பெரியவர் அவர்தான் என்று ரீச்சர் சொன்னார். அப்போது எனக்கு விளங்கவில்லை, எனக்கு ஜோதான் முக்கியம்.

அப்புறம் நாங்கள் ஒவ்வொருவராக வெளிநாடு புறப்பட்டோம். விண்ணப்பங்களைத் திருத்தியதும் நற்சாட்சிக் கடிதம் எழுதியதும் ரீச்சர்தான். "போய் நல்லாய்ப் படியுங்கோ" என்றார். எப்போது வருவீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. தன் வகுப்பின் கெட்டிக்காரப் பிள்ளைகளையெல்லாம் அந்த மூதாட்டியைப் போல் அனுப்பிவைத்தார்.

எரிக் நைட்டும் யோர்க்ஷயரில் பிறந்து பதின்ம வயதிலேயே அமெரிக்கா போனவர் என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன். ஊர் திரும்பும் கதையைக் கடலுக்கு அப்பால் இருந்துதான் எழுதியிருக்கிறார். 1943இல் போர்க்காலப் பணியில் விமான விபத்தில் இறந்தார். இது தெரிந்தபின் அந்தப் புத்தகத்தைத் திரும்ப வாசிக்க எனக்குக் கனகாலம் எடுத்தது. திரும்பி வருவேன் என்று சொல்லித்தான் நானும் புறப்பட்டேன். வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்தன. லாஸி ஏரியைச் சுற்றிப் போனது. நான் கரையிலேயே குடியிருந்துவிட்டேன்.

ரீச்சர் பெயரில் கேடயம் வைக்கலாம் என்று பழைய மாணவர் சங்கத்தில் பேசுகிறார்கள். சரி, வையுங்கள். அதோடு இந்தப் புத்தகத்தில் சில பிரதிகள் வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்து, வாரத்தில் ஒரு கடைசிப் பாடத்தை வாய்விட்டு வாசிக்க ஒதுக்கும்படி அதிபரிடம் கேட்போம். பரீட்சைக் கேள்வி எதுவும் வேண்டாம், ரீச்சரும் இந்தக் கதையில் கேள்வி கேட்டதில்லை. புத்தகச் செலவை நான் ஏற்கிறேன்.